இறால் ஓட்டிலிருந்து ஒரு பேண்டேஜ்!

உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதி உள்ள பெரியவர் யாராவது இருக்கிறாரா? காலில் புண் வந்து, தினமும் காலையில் கட்டு மாற்றுகிற வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா?

அப்படியென்றால் அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நேற்று வைத்த காஸ் துணி புண்ணோடு புண்ணாக ஒட்டிக் கிடக்கும். மெதுவாகத் தூக்கினால் வராது. "எனக்கு ஒண்ணும் வலிக்கலைம்மா, நீ இழு" என்பார் அப்பா. நீங்கள் கண்ணை இறுக்கிக்கொண்டு வெடுக்கென்று இழுப்பீர்கள். துணி வந்துவிடும். கூடவே பொட்டுப் பொட்டாக ரத்தமும் வரும்.

துணியோடு வந்தது வெறும் ரத்தமும் காய்ந்த சீழும் மட்டுமல்ல. ராத்திரி முழுக்க உடம்பு கஷ்டப்பட்டு நெய்த புதுத் தோலின் முதல் இழைகளும்தான்! தினம் ஒரு முறை நெய்து, தினம் ஒரு முறை பிய்த்தால் புண் எப்போது ஆறும்?

ஒட்டாத கட்டு, ஈரத்தைக் காக்கிற கட்டு, முடிந்தால் கிருமியையும் கொல்லுகிற கட்டு வேண்டும் என்று உலகம் முழுக்க விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருட்கள் என்ன தெரியுமா? இறால் ஓடு, கடற்பாசி, மாட்டுத் தோல்! வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காற்றாடக் காய விடலாமா?

"புண்ணை மூடி வைக்காதே, காற்றாட விடு, பொருக்குத் தட்டிடும்." நம் வீட்டுப் பாட்டிகள் மட்டுமல்ல, ஒரு காலத்தில் டாக்டர்களும் இதைத்தான் சொன்னார்கள். 1962ல் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். பன்றிகளின் முதுகில் சின்னச் சின்ன மேலோட்டமான காயங்களை உண்டாக்கினார். சிலவற்றைக் காற்றில் காய விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். பாலிதீனுக்கு அடியில் ஈரமாக இருந்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது!

காரணம் ரொம்ப எளிமை. புதுத் தோலின் செல்கள் புண்ணின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. தரை ஈரமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும. பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தால், அந்தப் பொருக்குக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டு வர வேண்டும். நேரமாகும்தானே?

அதற்காகப் புண்ணைத் தண்ணீரில் ஊற வைக்கச் சொல்லவில்லை. அளவுக்கு மீறி ஈரம் நின்றால் சுற்றியுள்ள நல்ல தோலும் வெளுத்துப் பொதுபொதுவென்று ஊறிப்போகும். வேண்டியது ஈரப்பதம், ஈரக்குளம் அல்ல.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பம்பாய் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் டாக்டர் கேஸ்வானி என்பவர், வேக வைத்த உருளைக்கிழங்குத் தோலைக் காஸ் துணியில் ஒட்டி, சுத்திகரித்து, தீக்காயக் குழந்தைகளுக்குக் கட்டினார். 1985ல் மருத்துவ இதழில் எழுதினார். ஒட்டவில்லை, வலி இல்லை, செலவும் இல்லை. பின்னால் 2003ல் வந்த ஒரு மும்பை ஆய்வு, அந்த உருளைக்கிழங்குத் தோலோடு வாழை இலையைப் போட்டி போட விட்டது. பலனில் இரண்டும் சமம். விலையில் வாழை இலைக்கே ஜெயம்! தீக்காயம் பட்டவரை வாழை இலையில் படுக்க வைத்த நம் முன்னோர் ஒன்றும் முட்டாள்கள் அல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை: அவர்கள் ஆஸ்பத்திரியில் உபயோகித்தது கிருமி நீக்கம் செய்த இலை. கொல்லையில் பறித்துக் குழாயில் கழுவிய இலை அல்ல.

பாலிமர் என்றால் என்ன?

பூச்சரம் தெரியும் அல்லவா? ஒரே மாதிரியான மொட்டுகளை வரிசையாகக் கோத்தால் சரம். அதே மாதிரி சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீளமான சங்கிலிதான் பாலிமர். பிளாஸ்டிக் வாளியும் பாலிமர்தான், பஞ்சும் பாலிமர்தான். மனிதன் ஃபாக்டரியில் கோத்தது செயற்கை. செடியும் பிராணியும் கோத்தது இயற்கை. இயற்கைப் பாலிமர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. உடம்பு அவற்றை முழு அந்நியனாகப் பார்ப்பதில்லை. தூரத்துச் சொந்தக்காரனைப் போல ஏற்றுக்கொள்ளும். சிலவற்றை மெல்ல மெல்லக் கரைத்து ஜீரணித்தும் விடும்.

முதலில் இறால் ஓடு. சமையலறையில் உரித்துக் குப்பையில் போடுகிறோமே, அதேதான். அந்த ஓட்டில் சுண்ணாம்பும் புரதமும் கைட்டின் என்ற பாலிமரும் பின்னிக் கிடக்கின்றன. நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து போகும். காரத்தில் போட்டால் புரதம் போகும். மிச்சம் கைட்டின். அதையும் கடும் காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இதற்கான முறைகளை உருவாக்கிய இடங்களில் ஒன்று. கைட்டோசானை வெறும் ஒரு சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைக்கலாம். அசெட்டிக் அமிலம் என்றால் வேறொன்றுமில்லை, வினிகரின் புளிப்பு! கரைத்ததைத் தட்டில் ஊற்றி, அப்பளம் போலக் காய வைத்தால் மெல்லிய தாள் ரெடி. மொடமொடவென்று உடையாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்ப்பார்கள். உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்தால் தாளுக்குப் பதில் ஸ்பாஞ்சு கிடைக்கும்.

கைட்டோசானின் விசேஷம் அதன் மின்னூட்டம். அமிலத்தில் அது பாஸிட்டிவ். நம் ரத்தச் சிவப்பணுக்களின் மேல்புறம் நெகட்டிவ். இரண்டும் இழுத்துக்கொள்ள, ரத்தம் கட்டியாகிக் காயத்தின் வாயை அடைத்துவிடும். இந்தக் குணத்தை வைத்துச் செய்த ஒரு பேண்டேஜுக்கு 2002ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஆப்கானிஸ்தான், இராக் போர்க்களங்களில் அமெரிக்கச் சிப்பாய்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

பாக்டீரியாக்களின் மேல்புறமும் நெகட்டிவ்தான். கைட்டோசான் அதன் மேல் ஒட்டிக்கொண்டு உறையையே குலைக்கிறது. உள்ளே இருப்பது ஒழுகிக் கிருமி சாகிறது. ஆகா, பிரச்னை தீர்ந்ததே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அமிலத்தன்மை இருந்தால்தான் கைட்டோசானுக்கு அந்த பாஸிட்டிவ் பலம். நாள்பட்ட புண்ணோ பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே போனதும் நம் வீரர் கத்தியை உறையில் போட்டுவிடுகிறார்! எந்தச் சூழலிலும் பாஸிட்டிவாகவே இருக்கும்படி கைட்டோசானை மாற்றி அமைக்கும் வேலையில் பல ஆய்வுக்கூடங்கள் மும்முரமாக இருப்பது இதனால்தான்.

அடுத்தது கடற்பாசி. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் போனால், கடலில் இறங்கிப் பெண்கள் பாசி எடுப்பதைப் பார்க்கலாம். கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று அவர்கள் சொல்லும் பழுப்புப் பாசிகளில் இருப்பது ஆல்ஜினேட். பாசியிலிருந்து பிரித்த சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் பிழிவார்கள். இடியாப்ப அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பிழிந்த மாத்திரத்தில் கெட்டி நூலாகிவிடும். அந்த நூல்களை மெத்தையாக்கிப் புண்ணில் வைத்தால், புண்நீரில் உள்ள சோடியம் உள்ளே போக, கால்சியம் வெளியே வர, நூல் மெல்ல மெல்ல வழுவழுப்பான கூழாகும். தன் எடையைப் போல 15, 20 மடங்கு நீரைக் குடிக்கும். எடுக்கும்போது உப்பு நீரை ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இழுபறி இல்லை! ஆனால் ஆல்ஜினேட் தானாகக் கிருமியைக் கொல்லாது. அதற்கு வெள்ளியோ வேறு மருந்தோ சேர்க்க வேண்டும்.

மூன்றாவது கொலாஜன். நம் தோலின் அஸ்திவாரப் புரதம். மூன்று இழை பின்னிய சடை போன்ற அதன் அமைப்பை 1954ல் சொன்னவர்கள் மதராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும். கங்காரு வாலின் நாரை எக்ஸ்ரே எடுத்து கண்டுபிடித்தார்கள்! சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது இதை நினைத்துத்தான். அதே நிலையம் கொலாஜனைப் பிரித்துத் தாளாக்கும் ஆராய்ச்சியில் பல வருஷங்களாக ஈடுபட்டிருக்கிறது. செருப்புக்கும் பைக்கும் போகிற மாட்டுத் தோலிலிருந்து மனிதத் தோலுக்கு மருந்து! மேலோட்டமான தீக்காயத்தில் இந்தத் தாளை ஒரு முறை ஒட்டினால் போதும். அடியில் தோல் வளர வளர, அது காய்ந்து ஓரத்திலிருந்து தானாகக் கழன்று வரும். தினமும் கட்டு மாற்றுகிற சித்ரவதை குழந்தைக்கு மிச்சம்.

ஆனால் சீழ் பிடித்த புண்ணின் மேல் வெறும் கொலாஜன் தாளை ஒட்டினால் உள்ளே சீழ் தேங்கிவிடும். குப்பைத் தொட்டிக்குப் பட்டுத் துணி போர்த்திய கதைதான்.

கிருமிக்கு விஷம், தோலுக்கு?

கிருமியைக் கொல்வது கஷ்டமே இல்லை. கொதிக்கிற எண்ணெய் ஊற்றினால்கூடச் சாகும்! பக்கத்தில் இருக்கும் நம் செல்லைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்வதுதான் கஷ்டம்.

வெள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968ல் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் அறிமுகம் செய்த சில்வர் சல்ஃபாடயஸின் வெள்ளைக் களிம்பைத் தீக்காய வார்டில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். எத்தனையோ உயிர்களைக் கிருமியிடமிருந்து அது காத்திருக்கிறது. ஆனால் பின்னால் ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, மேலோட்டமான தீக்காயங்களில் அது தோல் வளர்வதைத் தாமதப்படுத்துகிறது என்று தெரிந்தது. வெள்ளி நம் தோல் செல்களையும் சும்மா விடுவதில்லை. அதனால்தான் இப்போது வெள்ளியைப் பாலிமருக்குள் பூட்டி, சொட்டுச் சொட்டாக வெளியே விடும்படி செய்யப் பார்க்கிறார்கள்.

மஞ்சள்? அதுவும் களத்தில் உண்டு. 1995ல் "மஞ்சள் புண்ணை ஆற்றும்" என்பதற்கு அமெரிக்காவில் பேடண்ட் வாங்கி, நம் நாட்டு விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளைக் காட்டி வழக்காட, 1997ல் அது ரத்தானது நினைவிருக்கும். அடையாறு நிலையத்தார் மஞ்சளில் உள்ள குர்க்குமினைக் கொலாஜன் தாளில் சேர்த்து எலிகளின் காயத்தில் பரிசோதித்து 2004ல் வெளியிட்டார்கள். வெறும் தாளைவிட வேகமாக ஆறியது. தேனுக்கு இதைவிடப் பலமான சாட்சி இருக்கிறது. 2015ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, பாதி ஆழத் தீக்காயங்களைத் தேன் டிரெஸ்ஸிங் வழக்கமான கட்டுகளைவிட நாலைந்து நாள் முன்னதாக ஆற்றுகிறது. இங்கேயும் அது காமா கதிரால் சுத்திகரித்த மருத்துவத் தேன். சாதாரணத் தேனில் சில கிருமிகளின் விதைகள் தூங்கிக் கிடக்கலாம்.

பரீட்சை அறை

புதிய டிரெஸ்ஸிங் ஒன்று மருந்துக் கடைக்கு வருவதற்குள் எத்தனை பரீட்சை எழுதுகிறது தெரியுமா?

கண்ணாடித் தட்டில் அகார் கூழ் பரப்பி அதில் கிருமியைப் பயிரிடுவார்கள். (அந்த அகாரும் கடற்பாசியில் வருவதுதான்!) புண்ணில் அடிக்கடி வரும் ஸ்டெபிலோகாக்கஸ், பச்சைச் சீழ் உண்டாக்கும் சூடோமோனாஸ், ஈ.கோலி ஆகிய மூன்றும் வழக்கமான எதிரிகள். நடுவில் டிரெஸ்ஸிங் துண்டை வைத்து, மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எவ்வளவு அகலம் என்று அளப்பார்கள். வெள்ளி போன்றவை கூழில் பரவுவதால் பெரிய வட்டம் போடும். கைட்டோசான் பரவாது, தொட்டால்தான் கொல்லும். அதற்கு வட்டமே விழாமல் போகலாம்! ஆகவே கிருமிக் கரைசலில் நேரடியாகப் போட்டு, எத்தனை பிழைத்தன என்று எண்ண வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. "99.9 சதவீதம் கிருமியைக் கொல்லும்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். புண்ணில் 10 லட்சம் கிருமி இருந்தால், மிச்சம் 1000. ஈ.கோலிக்குச் சௌகரியமான இடம் கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். 10 தரம் இரட்டித்தால் 1000 என்பது மறுபடியும் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அதற்கு ஆகும் நேரம் வெறும் 3 மணி 20 நிமிஷம்! புண்ணில் அவ்வளவு வேகமாகப் பெருகாது என்றாலும் விஷயம் புரிகிறதல்லவா? ஒரு தரம் கொல்வது போதாது, தொடர்ந்து காவல் இருக்க வேண்டும்.

அடுத்த பரீட்சை, நம் பக்கத்து ஆட்களுக்கு. வளர்த்த செல்களின் மேல் டிரெஸ்ஸிங்கின் சாரத்தை ஊற்றுவார்கள். 100க்கு 70க்கும் கீழே உயிர் பிழைத்தால் ஃபெயில். கிருமிப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பல புத்திசாலிகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

சுத்திகரிப்பிலும் வம்பு உண்டு. ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பாத்திரத்தில் 121 டிகிரியில் வைத்தால் கொலாஜன் ஜெலட்டினாகக் குழைந்துவிடும். பாயா கொதிக்கும்போது நடப்பது அதுதான். எனவே காமா கதிர் அல்லது எத்திலீன் ஆக்ஸைடு வாயு. மருத்துவப் பொருட்களைக் காமா கதிரால் சுத்திகரிக்கும் நிலையம் டிராம்பேயில் 1974லேயே வந்துவிட்டது.

பிறகு எலி. "எலியில் வெற்றி!" என்று பேப்பரில் படித்தால் உடனே குதிக்காதீர்கள். எலிக்குத் தோல் தொளதொளவென்று இருக்கும். காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிவிடும். நமக்கு அப்படி இல்லை. புதுத் தோல் வளர்ந்துதான் மூட வேண்டும். இந்த விஷயத்தில் நமக்கு நெருங்கிய சொந்தம் பன்றிதான். அதற்கும் பிறகு மனிதர்களிடம் சோதனை.

அப்பாவின் காலுக்கு எது?

இவ்வளவும் படித்துவிட்டு, "அந்தக் கடற்பாசி டிரெஸ்ஸிங்கை நாளைக்கே வாங்கிடலாமா?" என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு மருத்துவ உலகம் ரொம்ப நிதானமாகவே பேசுகிறது. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023ல் வெளியிட்ட நெறிமுறையில், புண்ணை ஆற்றுவதற்கென்று கிருமிநாசினி டிரெஸ்ஸிங்கையோ, கொலாஜன், ஆல்ஜினேட் டிரெஸ்ஸிங்கையோ உபயோகிக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். சாதாரணக் கட்டைவிட அவை சீக்கிரம் ஆற்றுகின்றன என்பதற்குப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. கசிவை உறிஞ்சுவது, ஒட்டாமல் இருப்பது, விலை கட்டுப்படியாவது, இவற்றைப் பார்த்துக் கட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த அளவில் உங்கள் டாக்டர் ஆல்ஜினேட் எழுதிக் கொடுத்தால் தப்பில்லை. விலை அதிகம் என்பதாலேயே நன்றாக ஆற்றும் என்று நகையை அடகு வைத்து வாங்காதீர்கள்.

அப்படியானால் அந்தப் புண் எதனால் ஆறாமல் இருக்கிறது? அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது பதில். "எனக்கு ஒண்ணும் வலிக்கலைம்மா." நரம்பு மரத்துப்போன கால் அது. வலித்தால் நாம் நொண்டுவோம், அந்தக் காலை ஊன்ற மாட்டோம். அவருக்கு வலிக்கவில்லை, எனவே புண் மேலேயே நடக்கிறார். ஒவ்வொரு அடியும் புண்ணை நசுக்குகிறது. கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணில் கண்டது இதைத்தான். நோய் சதையைத் தின்னவில்லை, வலி தெரியாததால் கால் தேய்கிறது என்றார். மாவுக் கட்டுப் போட்டுப் பாதத்தின் பாரத்தைப் பரத்தியதும் ஆறாத புண்கள் ஆறின. இன்று உலகம் முழுக்கச் சர்க்கரைப் புண்ணுக்கும் அந்த மாவுக் கட்டு வைத்தியம் உண்டு.

ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது டிரெஸ்ஸிங் பெயரை அல்ல. "பாரத்தைக் குறைக்கக் கட்டோ விசேஷச் செருப்போ வேண்டுமா? காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா? செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டுமா? சர்க்கரை அளவு எப்படி?" என்று கேளுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சலும் குளிரும் கண்டாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிலையில் எந்த டிரெஸ்ஸிங்கும் போதாது; மாத்திரையோ ஊசியோ, சில சமயம் ஆபரேஷனோ தேவைப்படும்.

தீக்காயம் என்றால் 20 நிமிஷம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர். இங்க், டூத் பேஸ்ட், காபித் தூள், மாவு எதுவும் வேண்டாம். அவற்றைச் சுரண்டி எடுப்பதற்கே டாக்டருக்கு அரை மணி ஆகும். பிறகு கொலாஜன் தாள் ஒட்டலாமா என்பதை ஆழத்தைப் பார்த்து அவர் சொல்வார்.

இன்னும் இரண்டே விஷயம். இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவரா நீங்கள்? கைட்டோசான் டிரெஸ்ஸிங் போடுமுன் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கொலாஜன் மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும், மீனிலிருந்தும் வரும். உங்கள் வீட்டுப் பழக்க வழக்கத்துக்கு ஒத்து வருமா என்று தயங்கினால், எதிலிருந்து எடுத்தது என்று தாராளமாகக் கேளுங்கள். உறையில் போட்டிருப்பார்கள்.